மிச்சமிருந்த இரண்டு கேள்விகள்

"நான் உள்ள போயிட்டேன். கேளு."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இப்படிச் சொன்னால் ஆட்டம் ஆரம்பம் என்று அர்த்தம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வாடகை வீடு. சாயந்திரமே கரண்ட் போய்விட்டது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. அரிக்கேன் விளக்கின் திரி ஒரு பக்கமாகக் கரிந்து புகைந்தது. அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு குடிலுக்குள் உட்கார்ந்திருந்தார். எந்தக் குடில் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

"தண்ணி சத்தம் கேக்குதா?"

"இல்லை."

"மேல ஓடா?"

"இல்லை."

"குனிஞ்சுதான் உள்ள போகணுமா?"

"ஆமா."

பத்துக் கேள்விகளுக்குத்தான் அனுமதி. அவர் 'ஆமா' அல்லது 'இல்லை' சொல்லலாம். விளக்கம் கொடுக்கக் கூடாது. கரண்ட் வந்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடைசி விதியைப் போட்டது நான். இல்லாவிட்டால் ராத்திரி சாப்பாட்டை யார் பண்ணுவது?

எட்டாவது கேள்வி முடிந்தது. ஒன்பதாவதைக் கேட்க வாயைத் திறந்தேன், பல்பு எரிந்தது. தெருப் பிள்ளைகள் 'ஹே' என்று கத்தினார்கள். அவர் கண்ணைத் திறந்து விளக்கை ஊதி அணைத்தார்.

"ரெண்டு கேள்வி மிச்சம். போயிட்டு வந்து முடிச்சுக்கலாம்."

மறுநாள் விடியற்காலையில் அவர் மலைக்குப் போகிறார். நான் அடுப்படிக்குப் போய் அவருக்குக் கட்டிக்கொடுக்கப் புளியைக் கரைக்க ஆரம்பித்தேன். 

எனக்குப் பயப்படத் தெரியும்

என் கல்யாணத்தைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, 'நீங்கள் ரொம்பத் தைரியசாலி அம்மா' என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். வேலைக்குப் போக தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலம் ஆரம்பித்ததும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன், அந்தக் கரை வந்த பிறகுதான் விடுவேன். கோடையில் ஆற்றில் மணல் மட்டும் இருக்கும்போதும் பிடிப்பேன். கூட அவர் வந்தால், பேப்பருக்கு மேலாக என் கையைப் பார்த்துச் சிரிப்பார். "நீ விட்டா பாலம் விழுந்துடுமா?" என்பார்.

எனக்குத் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கிற வேலை. காதில் ஹெட்போன், எதிரே துளைகள் நிறைந்த பலகை. மதுரைக்காரரையும் மெட்ராஸ்காரரையும் ஒயரைச் சொருகி ஒட்டவைப்பேன். ஊரில் யார் எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்பதெல்லாம் என் காது வழியாகத்தான் போகும். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, எனக்குத் தெரியாது.

அவர் பாங்கில் குமாஸ்தா. அவரும், கூட வேலை பார்த்த கேஷியர் சேகரும், காலேஜ் லெக்சரர் அந்தோணியும் சேர்ந்து மலை மலையாக நடப்பார்கள். எங்கள் சனங்களுக்கு அந்தக் காலத்தில் மலையேறுவது என்றால் சாமி கும்பிடத்தான். "மேல கோயில் இல்லேன்னா எதுக்குடா ஏறுறே?" என்று என் மாமியார் கேட்பார்.

கல்யாணமான புதிதில், அவர் மலைக்குப் போன நாட்களில் நான் சாப்பிடவே மாட்டேன். ஒரு தடவை திரும்பி வந்தவர், சமைத்தது அப்படியே பானையில் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நான் எங்க இருக்கேன்னு தெரியாததாலதான் உனக்குப் பயம். இடம் தெரிஞ்சா போயிடும்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் இந்த ஆட்டம்.

இடம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது ஆண்பிள்ளைகளின் நினைப்பு. இடம் தெரிந்த பிறகு என் பயத்துக்கு ஒரு கூரையும் கதவும் கிடைத்தன, அவ்வளவுதான்.

நான் பார்க்காத வீடுகள்

காட்டுத்தீ பார்க்கிற ஆட்களுக்காக வனத்துறை கட்டியவை சில. எஸ்டேட்காரர்கள் கட்டிவிட்டுக் கைவிட்டுப் போனவை சில. யார் கட்டினார்கள் என்றே தெரியாத கல் அறைகளும் உண்டு. மழைக்கு ஒதுங்கவும் ராத்திரி படுக்கவும் நடக்கிறவர்களுக்கு அவைதான் கதி. எல்லாவற்றுக்கும் இவர்களே பெயர் வைத்திருந்தார்கள். வௌவால் பங்களா, ஓடைக் குடில், மொட்டைக் குடில், பலாமரக் குடில்.

வௌவால் பங்களாவில் செருப்பைக் கழற்ற முடியாது, தரையெல்லாம் எச்சம். ஓடைக் குடிலில் தண்ணீர் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. மொட்டைக் குடில் பாறை உச்சியில் தனியாக நிற்கும், காற்றடித்தால் தகரக் கூரை அழும். பலாமரக் குடிலிலும் தகரக் கூரைதான், ஆனால் மரம் அணைத்துக்கொண்டிருப்பதால் காற்று தெரியாது. ஆவணி வரைக்கும் உள்ளே பழ வாசனை அடிக்குமாம். பலாமரம் வாசலுக்கு வலது பக்கம். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இவர் இடது பக்கம் என்று சண்டைக்கு வருவார், வரட்டும்.

நடக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குடிலைவிட்டுக் கிளம்புகிறவர்கள், அடுத்து வரப்போகிறவர்களுக்காகக் காய்ந்த விறகை உள்ளே அடுக்கிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உத்தரத்தில் ஒரு தகர டப்பா தொங்கும். அதில் தீப்பெட்டியும் கொஞ்சம் உப்பும் போட்டுவைக்க வேண்டும். வரப்போகிறவன் யாரென்று தெரியாது, எப்போது வருவான் என்றும் தெரியாது. ஆனாலும் வைப்பார்கள். எனக்கு அந்த மலைப்பித்தில் பிடித்த ஒரே விஷயம் இதுதான்.

மொட்டைக் குடிலில் மட்டும் இது நடக்காது. சுற்றிலும் பாறை என்பதால் ஒரு சுள்ளிகூடக் கிடைக்காது. அங்கே போவதென்றால் அந்தோணி வீட்டுப் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஆட்டத்துக்குத் தனி மரியாதை. அன்றைக்கு அவர் மனசில் நினைக்கிற குடில், நிஜமாகவே தங்கப்போகிற குடிலாக இருக்க வேண்டும். அதில் அவர் ஏமாற்றியதே இல்லை. நானும் தோற்றதில்லை, எட்டு ஒன்பது கேள்விகளுக்குள் பிடித்துவிடுவேன். இந்தத் தடவைதான் கரண்ட் முந்திக்கொண்டது.

காலையில் ஷூ லேஸ் கட்டும்போது, "சொல்லிட்டாவது போங்களேன்" என்றேன்.

"ஆட்டம்னா ஆட்டம்தான். போறது பச்சைமலை, அது போதாதா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லி முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். மழை அப்போது தூறலாகத்தான் இருந்தது.

துறையூர் லைன்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்தது. அவர் வரவில்லை.

தூறல் சனிக்கிழமை மத்தியானமே அடைமழையாகிவிட்டது. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். இரண்டிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா மண்டபத்தில் படித்துறைப் படிகள் மூழ்கிவிட்டதாகப் பால்காரர் சொன்னார். பஸ் தாமதம் என்று சொல்லிக்கொண்டேன். ரோட்டில் மரம் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அவர் துண்டை மடித்துவைத்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் துறையூருக்குத்தான் சொருகினேன். பச்சைமலைக்கு ஏறுவது அந்தப் பக்கத்திலிருந்துதான். காதில் ஒரு சத்தமும் இல்லை. லைன் இருந்து யாரும் எடுக்காவிட்டால் ஒரு ஓசை கேட்கும். லைன் அறுந்திருந்தால் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கும். அன்றைக்குப் பூராவும் அந்தப் பஞ்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே யார் யாரோ கல்யாணச் சேதியும் நெல் விலையும் பேசினார்கள், எல்லாரையும் சேர்த்துவைத்தேன்.

மத்தியானம் அந்தோணியின் மனைவி லூர்து மேரி வந்தாள். மேலப்புதூர் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். கையில் குடை இருந்தது, ஆனால் விரிக்கவில்லை.

"பத்மாக்கா, உங்க வீட்டுக்கு வந்துட்டாரா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவள் முகம் தொங்கிப்போனது. அதுவரை, இவர்கள் மூவரும் மேலப்புதூரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குத் துறையூர் போக பஸ் இல்லை. ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, காலையில்தான் விடுவோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினோம். கொள்ளிடம் பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் போனது. கீழே வாழை மரங்கள் வேரோடு மிதந்து போயின. எதிர்ச் சீட்டில் ஒரு குழந்தை அதைப் பார்த்துக் கை தட்டியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். லூர்து மேரி என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேஞ்சர் கேட்டது

மலையடிவாரத்தில் வனத்துறை ஆபீஸ். ரேஞ்சருக்கு ஐம்பது வயதிருக்கும். சளி பிடித்துக் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"மூணு நாளாச்சா? எங்க தங்குறதா சொன்னாங்க?"

லூர்து மேரி முந்திக்கொண்டாள். "ரெஸ்ட் ஹவுஸ் பங்களாவுலங்க சார். கட்டில், மெத்தை எல்லாம் இருக்குன்னு சொன்னாரு. சமையலுக்குக்கூட ஆள் இருக்காம்."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "மெத்தையா? அது பூட்டிக் கிடக்கும்மா. சரி, இந்த மழைக்குப் பூட்டை உடைச்சாவது போயிருப்பாங்க. ஆளுங்கள அங்கயே அனுப்புறேன்."

"அங்க இல்லைங்க" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பங்களாவுக்கு ஓட்டுக் கூரைதானே? ஓடு இல்லைன்னு சொல்லிட்டாரு."

"யாருகிட்ட சொன்னாரு?"

"என்கிட்டதான். கிளம்புறதுக்கு முந்தின நாள், ஆட்டத்துல."

"என்ன ஆட்டம்மா?"

நனைந்த புடவையோடு, அரசாங்க ஆபீஸில் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொள்கிற ஒரு ஆட்டத்தை நான் விளக்க வேண்டியிருந்தது. பத்துக் கேள்வி, எட்டு முடிந்தது, கரண்ட் வந்துவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் அந்த மனிதர் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எட்டுலயும் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

தண்ணீர் சத்தம் இல்லை, அதனால் ஓடைக் குடில் இல்லை. ஓடு இல்லை, அதனால் ரெஸ்ட் ஹவுஸும் இல்லை, வௌவால் பங்களாவும் இல்லை. கல் சுவர், தகரக் கூரை, குனிந்து போகிற வாசல், ஒரே சன்னல். இப்படி வடிகட்டினால் பச்சைமலையில் மிஞ்சுவது இரண்டு, மொட்டைக் குடிலும் பலாமரக் குடிலும்.

"ரெண்டும் எதிரும் புதிரும்மா" என்றார் ரேஞ்சர். "ஒரு பக்கம் ஏறி இறங்கவே பொழுது போயிடும். எங்கிட்ட இருக்கிறது நாலு ஆளு. இந்த மழையில ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு அனுப்ப மாட்டேன். நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, அங்க அனுப்புறேன்."

வாசலில் அந்த நாலு பேர் கோணிச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களும் என்னையே பார்த்தார்கள்.

மூன்று பேரின் உயிர், என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு பெயரில் இருந்தது. மிச்சமிருந்தது இரண்டு கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர் மலைமேல் இருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எப்போதும் செய்கிற மாதிரி குனிந்து ஒரு குடிலுக்குள் போனேன். உள்ளே இருட்டு. முதலில் என்ன செய்வேன்? குளிர்கிறது, அடுப்பு மூட்டுவேன். எதை வைத்து மூட்டுவேன்?

கண்ணைத் திறந்து லூர்து மேரியிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுப் பம்ப் ஸ்டவ்வை எடுத்துட்டுப் போனாரா?"

"இல்லக்கா" என்றாள் ஒன்றும் புரியாமல். "இன்னிக்குக் காலையிலகூட அதுலதான் பால் காய்ச்சினேன். ஏன்க்கா?"

"பலாமரம்" என்றேன் ரேஞ்சரிடம்.

காத்திருந்தது

அவர்கள் ஏறிப் போன பிறகுதான் எனக்கு முழுப் பயமும் வந்தது.

ஸ்டவ் ரிப்பேராகி இருந்ததால் விட்டுவிட்டுப் போயிருந்தால்? மறந்துவிட்டுப் போயிருந்தால்? சேகர் வேறு ஸ்டவ் கொண்டுவந்திருந்தால்? மழையைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மனசை மாற்றிக்கொண்டிருந்தால்? ரேஞ்சரின் சம்சாரம் உப்புமா கொண்டுவந்து வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பினால் யாரோ வந்து கொட்டிவிட்டுப் போனார்கள்.

லூர்து மேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"மெத்தை இருக்குன்னு சொன்னாரேக்கா."

"நீ பயப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

"ஒவ்வொரு தடவையும் சொல்வாரு. நானும் மெத்தையில படுத்திருக்காருன்னு நெனச்சுட்டு இங்க நிம்மதியா தூங்கியிருக்கேன். உங்க வீட்டுக்காரர் பரவால்ல, உங்ககிட்ட உண்மையச் சொல்றாரு."

"உண்மை தெரிஞ்சு நான் மட்டும் என்ன நிம்மதியாவா இருந்தேன்?" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆட்டம்னா ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன் மேல், அந்த நேரம் பார்த்து வந்த கரண்ட் மேல், சாமி இல்லாத மலை மேல். அவர் வரட்டும், இனி மலை என்ற பேச்சே எடுக்க விடுவதில்லை என்று நினைத்தேன். அப்புறம், வரட்டும், வந்தால் மட்டும் போதும் என்று நினைத்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே ஆள் குரல் கேட்டது.

இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கம்பளியைக் கட்டி, அதில் அந்தோணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமையே பாறை வழுக்கிக் கணுக்கால் உடைந்திருக்கிறது. உதவி கேட்டு இறங்கப் பார்த்த சேகரை, பெருகி வந்த ஓடை திருப்பி அனுப்பியிருக்கிறது. முன்னால் வந்தவர்கள் அடுக்கிவைத்த விறகு இருந்ததால் குளிருக்குத் தப்பித்தார்கள். புளிசாதம் தீர்ந்த பிறகு உப்புப் போட்ட வெந்நீர்தான் ஆகாரம். அந்தோணிக்குக் காய்ச்சல் கொதித்தது. லூர்து மேரி ஓடிப் போய் அவர் நெற்றியில் கை வைத்தாள். "கட்டில் மெத்தை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் கையாலேயே தலையைக் கோதிவிட்டாள்.

சேகருக்குப் பின்னால், கடைசியாக என் வீட்டுக்காரர் வந்தார். தாடி, புகை வாசனை, கண்ணெல்லாம் சிவப்பு. நான் அங்கே நிற்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"நீ எப்படி இங்க?"

"ஒரு கேள்வி மிச்சம் இருக்கு" என்றேன்.

அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. "ரெண்டுல்ல இருந்துச்சு?"

"ஒண்ணை லூர்து மேரிகிட்ட கேட்டுட்டேன். இது உங்களுக்கு. ஆமா இல்லைன்னுதான் சொல்லணும்."

அவ்வளவு களைப்பிலும், பழக்கம் விடாமல், அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூரையைப் பற்றியோ சன்னலைப் பற்றியோ கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"பயந்தீங்களா?"

மூடிய கண் மூடியபடியே இருந்தது. விளக்கம் அவர் வாய் வரை வந்தது, எனக்குத் தெரிந்தது. ஆட்டத்தின் விதி அவரைத் தடுத்தது.

"ஆமா" என்றார்.

மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்தோணியையும் லூர்து மேரியையும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் கடைசி பஸ்ஸில் திரும்பினோம். அவர் தலை என் தோளில் விழுவதும் நிமிர்வதுமாக இருந்தது. மழை விட்டிருந்தது. டோல்கேட் தாண்டி வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் நான் வழக்கம்போலச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் விழித்து, கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் கைக்குப் பக்கத்தில், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கக் கரை வரும் வரை இரண்டு பேருமே விடவில்லை.